பொட்டு வைத்த வைப்பர்

"நான் போகட்டுங்களா, வேண்டாமுங்களா? அதை மட்டும் சொல்லுங்கம்மா," என்றார் சென்னியப்பன்.

பாவாத்தாள் அம்மா ஜீப்பில் ஏறி உட்கார்ந்து சுவிட்சைப் போட்டார். கண்ணாடிமேல் இருந்த வைப்பர் இரண்டும் நடுங்கின. உள்ளே மோட்டார் முனகியது. வைப்பர்கள் விரல் அகலம் நகர்ந்து அப்படியே நின்றுவிட்டன.

சுவிட்சை அணைத்தார்.

"வைப்பர் ஓட மாட்டேங்குதுங்ண்ணா."

"நான் கேட்டது அதை இல்லீங்கம்மா."

"மழை பேயுது. எனக்கு இப்ப அதுதான் கேள்வி."

ஊசிக்கரடு என்ற மலைக்குன்றின் உச்சியில் இருக்கும் அந்த மடம் பெரிய இடம் ஒன்றுமில்லை. ஓட்டுக்கூரை, ஒரு கிணறு, தகரக் கொட்டகையில் ஒரு கிழட்டு ஜீப். முன்பிருந்த குருவான பழைய சாமி கண்ணை மூடும் முன் மடத்தையும் ஜீப்பையும் பாவாத்தாளிடம் ஒப்படைத்தார். மடத்தை நடத்துவது லேசு, ஜீப்பை நடத்துவதுதான் தவம் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

பாவாத்தாளுக்குச் சென்னியப்பனைவிட வயது நிரம்பக் குறைவு. ஆனாலும் அவர்தான் குரு. சீடர் குருவை அம்மா என்பார், குரு சீடரை அண்ணா என்பார். முறை இடிக்கிறதே என்று புதிதாக வந்த ஒருவர் கேட்டார்.

"கூப்புட்டாத் திரும்பறாருல்ல?" என்றார் அம்மா. விஷயம் அதோடு முடிந்தது.

சென்னியப்பன் மஞ்சள் மண்டியில் தரகராக இருந்தவர். மனைவி இறந்த பிறகு வீட்டில் அவருக்குக் கால் தரிக்கவில்லை. அமைதி வேண்டும் என்று மலை ஏறினார். மலையிலும் கால் தரிக்கவில்லை. தியானத்துக்கு உட்காரும்போதுகூடச் செருப்பை வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுத்தான் உட்காருவார். எழுந்ததும் மாட்டிக்கொள்ளத் தோதாக இருக்குமாம்.

வரும்போது மகள் ரஞ்சனியைத் தம்பி குழந்தைசாமி வீட்டில் விட்டுவிட்டு வந்தார். அப்போது அவள் பள்ளிக்கூடம் முடிக்கவில்லை. சொந்தக்காரர்கள் வாசலை மறித்து நின்றார்கள். பெற்ற பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறாயே என்று கேட்டார்கள்.

"எனக்கு இனி வீடும் இல்ல, மகளும் இல்ல," என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி.

ரஞ்சனி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் கேட்டது.

அந்த ரஞ்சனிக்கு நாளைக் காலையில் கல்யாணம்.

விடிந்ததும் அம்மாவின் செல்போனில் அவளே கூப்பிட்டாள். அழவில்லை, கெஞ்சவில்லை.

"வர்றதுன்னா இன்னைக்குப் பொழுதோட வந்துருங்க. வரலைன்னா சித்தப்பா தாரை வாத்துக் குடுத்துருவாரு. ரண்டுல எதுன்னு எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

சென்னியப்பன் வாயைத் திறக்கும் முன் வைத்துவிட்டாள்.

அப்போதிருந்து அவர் கிணற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். மழை வலுத்ததும் கொட்டகைக்குள் வந்து ஜீப்பைச் சுற்ற ஆரம்பித்தார்.

கரட்டை விட்டு இறங்க வேறு வழியும் இல்லை. மண் சரிந்ததால் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். நடந்து போகலாமென்றால் ஓடையில் வெள்ளம். ஜீப் மட்டும்தான் போகும். அதுவும் பொழுது சாய்வதற்குள் அடிவாரத்துச் செக்போஸ்டைத் தாண்டியாக வேண்டும். சங்கிலியைப் போட்டு விட்டார்கள் என்றால் காலையில்தான் எடுப்பார்கள். அதற்குள் முகூர்த்தம் முடிந்துவிடும்.

இந்த மழையில் வைப்பர் இல்லாமல் அந்த வளைவுகளில் இறங்குவது, கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்குவது மாதிரி.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க," என்றார் சென்னியப்பன். "போங்கன்னாப் போயிர்றேன். வேண்டாம்னா இங்கயே உக்காந்துக்கறேன்."

"நீங்க எப்பங்ண்ணா உக்காந்தீங்க?"

அம்மா கீழே இறங்கி ஸ்பானர் பையை அவர் கையில் கொடுத்தார்.

"பாருங்க."

சென்னியப்பனுக்குக் கோபம் வந்தது. பெற்ற மகள் கல்யாணம் ஒரு பக்கம் கிடக்கிறது, இவருக்கு வைப்பர்! ஆனாலும் பையை வாங்கிக்கொண்டார். சும்மா நிற்பதற்கு அது தேவலை.

"பிளேடு காஞ்சு போச்சுங்க. அதான் கண்ணாடியில புடிக்குது."

பரணில் புது பிளேடு இருந்தது. மாட்டினார். ஒரு குடம் தண்ணீரைக் கண்ணாடிமேல் ஊற்றிவிட்டுச் சுவிட்சைப் போட்டார்.

வைப்பர்கள் நடுங்கின. நின்றன.

"அப்ப மோட்டாருங்க. வயசாயிருச்சு."

மோட்டாரையும் வைப்பரையும் இணைக்கும் கம்பியைக் கழற்றினார். மோட்டாரை மட்டும் தனியாக ஓட விட்டார். அது குர்ரென்று சுற்றியது. வயசான மாதிரியே தெரியவில்லை.

"மோட்டார் நல்லாத்தான் இருக்குது," என்றார் சென்னியப்பன், குறை சொல்கிற குரலில்.

"ஆமா."

"அப்பறம் எதுக்குங்க நவுர மாட்டேங்குது?"

"எங்கியோ புடிச்சிருக்குது."

"எங்கீங்க?"

அம்மா மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சென்னியப்பன் வைப்பர் கையைப் பிடித்து இழுத்தார். அது அசையவில்லை. காலைப் பம்பரில் முட்டுக் கொடுத்துக்கொண்டு இழுத்தார். கிறீச்சென்று ஒரு சத்தம் வந்தது.

"முறிச்சுப் போட்டுறாதீங்ண்ணா."

விட்டுவிட்டார். கொட்டகையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தார். வெளியே வந்து வானத்தைப் பார்த்தார். வானம் இருந்தால்தானே தெரியும், வெறும் மழைதான் இருந்தது.

திடீரென்று திரும்பி வந்தார்.

"மண்டிக்கு வர்ற லாரிக்காரங்க ஒண்ணு பண்ணுவாங்க. பொகையிலைய நனைச்சுக் கண்ணாடியில தேச்சு உட்டுருவாங்க. தண்ணி முத்து முத்தா நிக்காமெ வழிஞ்சு ஓடீரும். வைப்பரே வேண்டாமுங்க."

"பொகையிலைக்கு எங்க போறது?"

சென்னியப்பன் வேட்டி முடிச்சை அவிழ்த்தார். அதில் ஒரு துண்டுப் புகையிலை இருந்தது. மடத்துக்கு வந்த அன்றே விட்டுவிட்டதாகச் சொன்ன புகையிலை.

அம்மா அதைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சென்னியப்பனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

நனைத்துக் கண்ணாடி முழுக்கத் தேய்த்தார். ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் படலமாக வழிந்தது, அந்தப் பக்கம் இருந்த கிணறு பளிச்சென்று தெரிந்தது.

"பாத்தீங்களா!"

"இன்னும் ஊத்துங்க."

ஊற்றினார். கிணறு கலங்கியது. மறுபடி ஊற்றினார். கிணற்றைக் காணோம்.

"மொத வளைவு வரைக்கும் ஆகும்," என்றார் அம்மா.

"அப்பறமுங்க?"

"அப்பறம் எறங்கி இன்னொருக்காத் தேக்கோணும். இன்னும் வெச்சிருக்கறீங்களா?"

சென்னியப்பன் வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டார்.

அடுத்தது கயிறு. கைக்கு அசையாதது, கயிற்றால் இரண்டு பக்கமும் மாறி மாறி இழுத்தால் அசையும் என்று நினைத்தார். வைப்பர் கைகளில் சணல் கயிற்றைக் கட்டி, ஒரு முனையை வலப்பக்கமும் மறு முனையை இடப்பக்கமும் ஜீப்புக்குள் விட்டார். இதுவும் லாரிக்காரர்களிடம் பார்த்ததுதான். டிரைவர் ஒரு இழுப்பு, கிளீனர் ஒரு இழுப்பு. அப்படியே ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

அம்மா வலப்பக்கம் உட்கார்ந்தார். சென்னியப்பன் இடப்பக்கம்.

"நான் இழுக்கறப்ப நீங்க விடோணுமுங்ண்ணா."

"தெரியுமுங்க."

அம்மா இழுத்தார். சென்னியப்பனும் இழுத்தார்.

"விடுங்க."

"விட்டுட்டனுங்களே."

விடவில்லை. மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி வைத்திருந்தார். கயிறு பட்டென்று அறுந்து அவர் பின்பக்கம் சாய்ந்தார்.

ஜீப்பை விட்டு இறங்கியவர் ஸ்பானரைத் தூக்கித் தரையில் எறிந்தார்.

"இது சகுனமுங்கம்மா. போக வேண்டாம்னு இந்தக் கரடே சொல்லுது. காலையில இருந்து சொல்லுது, எனக்குத்தான் காதுல உளுகலை."

"கரட்டுக்கு வேற வேலை இல்லீங்களா?"

"அப்ப நீங்க சொல்லுங்க! கேக்கறதுக்குன்னுதானே இங்க வந்து கெடக்கறேன்? மகளே இல்லைன்னு சொல்லீட்டு வந்தவன் மகள் கல்யாணத்துக்குப் போலாமா? போனா நான் சொன்ன சொல்லு என்ன ஆகறது? போகலைன்னா அவ என்ன ஆகறது? ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொன்னா உங்களுக்கு என்ன கொறஞ்சா போகுது?"

மழைச் சத்தத்தில் அது பாதிதான் கேட்டிருக்கும்.

அம்மா தரையில் கிடந்த ஸ்பானரை எடுத்துத் துடைத்தார்.

"பிளேடைத் தொட்டீங்க. மோட்டாரைத் தொட்டீங்க. கண்ணாடியத் தேச்சீங்க. கையைப் புடிச்சு இழுத்தீங்க. எதைங்ண்ணா தொடவே இல்ல?"

சென்னியப்பன் ஜீப்பைப் பார்த்தார்.

வைப்பர் கை இரண்டும் கண்ணாடிச் சட்டத்தில் சேரும் இடத்தில், ஆளுக்கொரு பொட்டு இருந்தது. பொட்டு என்று சொன்னால் போதாது. எலுமிச்சங்காய் அளவுக்குச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம்.

"அது பொட்டுங்கம்மா," என்றார்.

"ஆமா."

வெள்ளிக்கிழமை தவறாமல் ஜீப்பைக் கழுவிப் பொட்டு வைப்பது சென்னியப்பனின் வேலை. யாரும் சொல்லவில்லை, அவராக எடுத்துக்கொண்டார். போன வாரத்துப் பொட்டை வழித்தெறிய மனசு வராது. சாமி காரியமல்லவா! அதன் மேலேயே புதுசாக வைப்பார். மடத்துக்கு வருகிறவர்கள், ஜீப் கண்ணைத் திறந்து பார்க்கிற மாதிரியே இருக்கிறது என்பார்கள். அவருக்கு மனம் குளிர்ந்துவிடும்.

கழுவுகிற தண்ணீரில் கரைந்த சந்தனம் வைப்பர் தண்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே இருக்கிற சந்துக்குள் இறங்கும். வெயிலில் காயும். அடுத்த வெள்ளிக்கிழமை இன்னும் கொஞ்சம் இறங்கும்.

இத்தனை நேரமும் அவர் அந்த இரண்டு இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போய்த்தான் எல்லா வேலையும் செய்திருந்தார். ஒரு தடவை கை தெரியாமல் பட்டபோது கன்னத்தில்கூடப் போட்டுக்கொண்டார்.

"வெச்ச பொட்டை நானே சொரண்டறதுங்களா?"

"வெச்சவருதானே சொரண்டோணும்."

சென்னியப்பன் ஸ்குரூடிரைவரை எடுத்து ஒரே குத்தாகக் குத்தினார். அது வழுக்கிப் போய் விரல் முட்டியில் தோல் பெயர்ந்தது. பொட்டில் ஒரு பொருக்குகூட உதிரவில்லை.

அம்மா அடுப்பிலிருந்து வெந்நீர் கொண்டு வந்தார். துணியை நனைத்து இரண்டு பொட்டின்மேலும் போர்த்தினார்.

"ஊறட்டும்."

"நேரம் போகுதுங்கம்மா."

"ஊறாமெச் சொரண்டுனாத் தண்டுல கீறல் உளுந்துரும்."

"எத்தனை நேரமுங்க?"

"ஊறற வரைக்கும்."

சென்னியப்பன் நடந்தார். துணியைத் தூக்கிப் பார்த்தார். மூடினார். நடந்தார். மறுபடி தூக்கிப் பார்த்தார்.

"தொறந்து தொறந்து பாத்தா ஆறிப் போயிரும்."

வேறு வழி இல்லாமல் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தார். செருப்பு எங்கேயோ மழையில் கிடந்தது. அதைத் திருப்பி வைக்க அவருக்கு ஞாபகம் வரவில்லை.



"உங்களுக்கு இது தெரியுமுங்களாம்மா? சந்தனத்துலதான் புடிக்குதுன்னு?"

"தெரியும்."

"எப்ப இருந்துங்க?"

"போன மழைக்கே இழுத்து இழுத்துத்தான் ஓடுச்சு."

"அப்ப எதுக்குங்க சொல்லலை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வெச்சிருக்க மாட்டனுங்களே!"

அம்மா துணிமேல் இன்னும் கொஞ்சம் வெந்நீரை விட்டார்.

"அந்தப் பொட்டை வெக்கறப்ப மட்டுந்தான் உங்க மொகம் சித்த அமைதியா இருந்துதுங்ண்ணா. எனக்குச் சொல்ல மனசு வரலை."

சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். இதற்குப் பதிலாகத் திட்டியிருக்கலாம்.

துணியை எடுத்தபோது பொட்டு இளகியிருந்தது. அம்மா ஒரு மூங்கில் சில்லைக் கொடுத்தார். சென்னியப்பன் வலப்பக்கத்துப் பொட்டை முதலில் வழித்தார். வெளுத்த சந்தனம் ஏடு ஏடாக வந்தது. அதன் கீழே குங்குமம். மறுபடி சந்தனம். மறுபடி குங்குமம். நட்டைக் கழற்றி வைப்பர் கையை உருவி எடுத்தார். தண்டைச் சுற்றி வெறும் சந்தனம்தான் இருந்தது, கருகிப்போன கிரீஸோடு சேர்ந்து கல்லாகிவிட்டிருந்தது. அதையும் வெந்நீர் விட்டு விட்டு வழித்தார்.

அப்புறம் இடப்பக்கம். அதிலும் சந்தனம், குங்குமம், சந்தனம், குங்குமம். கை இப்போது அவசரப்படவில்லை.

எல்லாவற்றுக்கும் அடியில் வேறு ஒரு நிறம் வந்தது.

மஞ்சள்.

வெயிலே படாமல் உள்ளே கிடந்ததால் நிறம் போகவில்லை. வெந்நீர் பட்டதும் மணம்கூடக் கிளம்பியது. மஞ்சளைத் தரம் பார்த்தே வாழ்ந்தவர் அவர். கையில் எடுத்ததுமே இன்ன மண்டி, இன்ன மூட்டை என்று சொல்லிவிடுவார்.

இது அவருடைய மண்டி மஞ்சள்தான்.

மூங்கில் சில் கையிலிருந்து விழுந்தது.

"என்னங்ண்ணா?"

சென்னியப்பன் விரலில் ஒட்டிய மஞ்சளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மடத்துக்கு வந்த முதல் நாள் அது. பையைப் பிரித்தபோது துணிமணிக்கு நடுவே ஒரு முடிச்சு இருந்தது. ரஞ்சனியின் பள்ளிக்கூடத் துப்பட்டாவில் கிழித்த நீலத் துணி. அதற்குள் மஞ்சள் தூள். மலைக் குளிர் ஆகாது, அப்பாவுக்கு நெஞ்சுச் சளி, ராத்திரி பாலில் போட்டுக் குடிக்கட்டும் என்று வைத்திருக்கிறாள். மகள் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தவருடைய பையில் அவள் அதை எப்போது வைத்தாள் என்று தெரியவில்லை. அவர் வாசலில் அந்த வார்த்தையைச் சொல்வதற்கு முன்னாலேயே வைத்திருக்க வேண்டும்.

அன்று அதைக் கையில் வைத்துக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை. தூக்கி எறியவும் முடியவில்லை. கொட்டகையில் ஜீப்பைப் பார்த்தார். முடிச்சில் இருந்த அத்தனை மஞ்சளையும் தண்ணீர் விட்டுக் குழைத்து, இடப்பக்கத்து வைப்பரின் அடியில் அப்பிவிட்டார். சாமிக்குப் போய்விட்டது என்று மனசைத் தேற்றிக்கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை அதன்மேல் சந்தனத்தை வைத்தார்.

அதற்கப்புறம் ஒரு வெள்ளிக்கிழமையும் தவறவில்லை.

"பாலுக்குக் குடுத்து உட்டாளுங்கம்மா," என்றார் சென்னியப்பன். "நான் குடிக்கலை."

அழுதார். மனைவி இறந்த அன்றுகூட அப்படி அழவில்லை. மூக்கு ஒழுக, தோள் குலுங்க, கொட்டகையின் தகரமே அதிரும்படி அழுதார்.

அம்மா அவரைத் தேற்றவில்லை. எண்ணெய்க் குப்பியை எடுத்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, கழற்றிய நட்டுகளைத் தேடிப் பொறுக்கினார்.

அழுது முடித்ததும் சென்னியப்பன் அந்த மஞ்சளை விரலாலேயே வழித்தார். மூங்கிலைத் தொடவில்லை. தண்டில் எண்ணெய் விட்டு முன்னும் பின்னும் திருப்பினார். முதலில் முரண்டு பிடித்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. கடைசியில் ஒற்றை விரலுக்கே திரும்பியது.

வைப்பர் கைகளை மாட்டி, மோட்டார் கம்பியைப் பூட்டினார். உள்ளே சாய்ந்து சுவிட்சைப் போட்டார்.

வைப்பர் இரண்டும் இந்தப் பக்கம் போயின. அந்தப் பக்கம் வந்தன. இந்தப் பக்கம் போயின.

புகையிலைக் கறையெல்லாம் அழிந்து கிணறு தெரிந்தது.

"அம்மா," என்றார். "இப்பவாச்சும் சொல்லுங்க. நான்..."

திரும்பினால் அம்மா அங்கே இல்லை. ஜீப்புக்குள் இடப்பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார். டிரைவர் சீட்டில் சாவி கிடந்தது.

மண்டி வேனை வருஷக்கணக்கில் ஓட்டிய கைதான் சென்னியப்பனுடையது. மலை ஏறிய பிறகு ஸ்டீரிங்கைத் தொட்டதில்லை.

"எங்கீங்கம்மா போறோம்?"

"ஓட்டறவரைத்தான் கேக்கோணும்."

சென்னியப்பன் சாவியைப் பார்த்தார். மழையைப் பார்த்தார். இந்தத் தடவை ஜீப்பைச் சுற்றவில்லை. ஏறி உட்கார்ந்தார்.

முதல் வளைவு தாண்டியது. வளைவுக்கு வளைவு மழை ஒரு பக்கம் மாறி அடித்தது. கண்ணாடி நனைந்தது, வைப்பர் துடைத்தது. மறுபடி நனைந்தது, மறுபடி துடைத்தது.

"எத்தனை அழகா ஓடுது பாருங்கம்மா," என்றார் சென்னியப்பன்.

"வைப்பரைப் பாக்காதீங்ண்ணா. ரோட்டைப் பாருங்க."

பார்த்தார்.

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி ஆரம்பித்தார்.

"சொந்தபந்தமெல்லாம் அங்கதான் இருப்பாங்க. நான் சொன்னதை அத்தனை பேரும் கேட்டாங்க. இப்ப எந்த மொகத்தை வெச்சுக்கிட்டு எறங்கறதுங்க?"

"வேற மொகம் வெச்சிருக்கறீங்களா?"

சென்னியப்பன் கியரை மாற்றினார்.

செக்போஸ்டில் காவலர் சங்கிலியைக் கையில் எடுத்துவிட்டார். ஜீப்பின் விளக்கைப் பார்த்ததும் அலுத்துக்கொண்டே கீழே போட்டார்.

மண்டபத்துக்கு வந்து சேர்ந்தபோது மழை தூறலாகியிருந்தது. வாசலில் வாழை மரம், சீரியல் விளக்கு. உள்ளே நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஜீப் சத்தம் கேட்டு வாசலில் நின்ற சொந்தக்காரர்கள் திரும்பினார்கள். அன்றைக்கு மறித்து நின்ற அதே ஆட்கள்தான், கொஞ்சம் நரைத்திருந்தார்கள். யாரும் வாங்க என்று சொல்லவில்லை.

சென்னியப்பன் இறங்கினார். செருப்பு இல்லை. வேட்டியெல்லாம் எண்ணெய். அங்கே நின்றுவிட்டார். திரும்பி ஜீப்பைப் பார்த்தார். அம்மா வைப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

கூட்டம் விலகியது. ரஞ்சனி வந்தாள். தலை நிறையப் பூ. கையில் மருதாணி இன்னும் ஈரமாக இருந்ததால் விரல்களை விரித்துப் பிடித்திருந்தாள். அப்பாவுக்கு எதிரே வந்து நின்றாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

சென்னியப்பன் இரண்டு கையையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் நீட்டிக்கொண்டு நின்றார்.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். விரல் முட்டியில் ரத்தம். நகக்கண் எல்லாம் மஞ்சள்.

"கையில என்ன அது, மஞ்சளா?"

"நீ குடுத்து உட்டதுதான் அம்முணி."

ரஞ்சனிக்கு உடனே புரியவில்லை. அப்புறம் புரிந்தது.

"அது அப்பவே குடுத்தது."

"ஆமா கண்ணு. இன்னைக்குத்தான் கையில ஒட்டுச்சு."

குழந்தைசாமி பின்னாலிருந்து ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தார். "மொதல்ல கையைக் கழுவுங்கண்ணா, எல்லாரும் பாக்கறாங்க," என்றார்.

ரஞ்சனி மருதாணிக் கையாலேயே சொம்பைத் தடுத்தாள்.

"கழுவ வேண்டாம் சித்தப்பா. காலையில தாரை வாக்கறப்ப அந்தக் கையே இருக்கட்டும்."